காற்றின் எண்

மலை ஒன்றும் ஆறு ஒன்றும் எல்லையாக இருந்த செவ்வாறு நாட்டில், காற்றுக்குத் தினமும் ஓர் எண் கொடுக்கும் வழக்கம் இருந்தது.

காலையில் சூரியன் எழும்போது சந்தைவெளிக் கோபுரத்தின் உச்சியில் உள்ளங்கை அகல வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டுவார்கள். மாலையில் அதை அவிழ்த்து நிறப்பலகையின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். பலகையில் பன்னிரண்டு கட்டங்கள். முதல் கட்டம் மல்லிகை மொட்டின் வெள்ளை. பன்னிரண்டாவது கட்டம் சட்டியின் அடிக்கரி. துணி எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறதோ, அந்த எண்ணைக் கோபுரத்திலிருந்து உரக்கக் கூவுவார்கள். மக்கள் அதைக் கேட்ட பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவார்கள்.

சந்தைவெளியின் நடுவே ஒரு கல் நின்றது. பெயர் மறந்துபோன ஏதோ ஓர் அரசர் நட்டது. எண் ஏழைத் தொட்டால் உலைகளை மூட வேண்டும். மூச்சுநோய் உள்ள குழந்தைகளை அரசு வண்டிகள் குளிர்மலை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். அதில் எழுதியிருந்தது அவ்வளவுதான். அந்தக் கல்லைத் திருத்தவோ பெயர்க்கவோ கூடாது என்பது, அரசர் உட்பட அந்நாட்டில் எல்லோரும் மதித்த ஒரே சட்டம். கல்லைத் தவிர மற்ற எதை வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது.

துணி கட்டும் வேலை செண்பகவடிவு என்ற பெண்ணிடம் இருந்தது. வடிவு என்று கூப்பிடுவார்கள். அவள் குரல் ஆற்றின் அக்கரை வரை போகும். பதினெட்டு வருடங்களில் ஒரு நாள்கூட அவள் தவறான எண்ணைக் கூவியதில்லை. அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். கணவன் உலையில் கரி அள்ளியவன். மகள் பவளம் பிறந்த வருடம் மூச்சு முட்டி இறந்துபோனான். அன்றைய எண் ஐந்து. அன்றும் அவள் கோபுரம் ஏறி எண்ணைக் கூவிவிட்டுத்தான் பிணத்தின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது நாட்டில் ஒன்பது உலைகள் இருந்தன. இப்போதைய அரசர் அவற்றை நூற்றெட்டாக்கினார். ஒவ்வொரு புது உலைக்கும் திறப்பு விழா நடந்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டு, குழந்தைகள் கையில் கொடியைக் கொடுத்து, முதல் புகையை வரவேற்க வரிசையில் நிறுத்தினார்கள். முதல் புகை மேலே பட்டால் ஆயுள் கூடும் என்று அறிவிக்கப்பட்டிருந்ததால், தங்கள் பிள்ளையை முன்வரிசையில் நிறுத்தத் தாய்மார்கள் சண்டை போட்டார்கள். வடிவும் ஒருமுறை போட்டாள். ஜெயித்தாள்.

நூற்றெட்டாவது உலை திறந்த பத்தாம் நாள் மாலை, துணியைப் பலகையின் ஏழாவது கட்டத்தில் வைத்ததும் அது இருந்த இடம் தெரியாமல் கலந்துபோனது. வடிவு மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். படிக்கட்டில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. காற்றுத்துறை அமைச்சர் பெருவழுதியார் தலைப்பாகை சரிய, மேல்மூச்சு வாங்க, வந்து நின்றார்.

“அம்மா, ஒரு நிமிடம். எண்ணைக் கூவுவதற்கு முன் அரசின் கருத்தைக் கேட்பது மரபு.”

“அப்படி ஒரு மரபு இல்லீங்களே ஐயா.”

“இன்று காலை தொடங்கியது.”

அவர் துணியை இரண்டு விரலால் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது என்ன துணி?”

“பருத்திங்க. எப்பவும் பருத்திதான்.”

“அதுதானே பார்த்தேன். பருத்திக்கு அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புத்தி உண்டு. காற்று குற்றமற்றது. துணியின் குணம்தான் சரியில்லை.”

“அப்ப என்ன, பட்டுலயா கட்டறது?” என்று வடிவு எரிச்சலோடு கேட்டாள்.

அமைச்சரின் முகம் மலர்ந்தது. “பட்டு வழவழப்பானது. அழுக்கு தங்காது. அருமையான யோசனை. உங்கள் யோசனையாகவே குறித்துக்கொள்கிறோம்.”

அன்றைய துணி செல்லாது என்று முடிவானது. அன்று மாலைதான் நாட்டில் முதல்முறையாக எண் கூவப்படவில்லை. எண்ணுக்காகக் காத்திருந்த மக்கள் விளக்கேற்ற மறந்து, வீடுகளுக்குள் இருட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டு நான்கு காட்டியது. அடுத்த வருடம் பட்டும் ஆறு காட்டியபோது, கோபுரத்தைச் சுற்றிப் பகல் முழுவதும் தண்ணீர் தெளிக்க எட்டு வண்டிகள் நியமிக்கப்பட்டன. குடிதண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்கள், கோபுரம் குளிப்பதைக் குடத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்கடுத்த வருடம் துணியை எங்கே கட்ட வேண்டும் என்று கல்லில் எழுதியிருக்கவில்லை என்பதை அமைச்சர் கவனித்தார். அரண்மனையின் உள்தோட்டத்தில், நாற்பது நீரூற்றுகளுக்கும் தினமும் குளிப்பாட்டப்படும் மயில்களுக்கும் நடுவே, துணிக்கு ஒரு வெள்ளிக் கம்பம் நடப்பட்டது. அங்கே எண் இரண்டு.

“நான் பாத்ததைத்தான் சொல்றேன்,” என்று வடிவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துணி இரண்டு காட்டியது. அவள் இரண்டு என்று கூவினாள். அதில் பொய் எதுவும் இல்லை.

எண் இரண்டாக இருந்த அந்த வருடங்களில்தான் சூரியனை வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது. தேய்க்காத செப்புத் தட்டுப் போல அது வந்துபோனது. காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டு நடந்தன. சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அதன்மேல் மெல்லிய சாம்பல் படிந்தது. சந்தைவெளிச் சிலைகளின் கண்குழிகள் நிரம்பி, மூக்கு மறைந்து, எல்லாச் சிலைகளுக்கும் ஒரே முகம் வந்தது. தபால்காரர் ஒருவர் தன் சொந்தத் தெருவுக்குள் மூன்று நாள் வழிதவறினார். வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பிவந்து பார்த்தால், தரைத் தூசியில் யாரோ நின்ற இரண்டு பாதத் தடங்கள் இருக்கும். வந்த தடமும் இருக்காது, போன தடமும் இருக்காது.

இதற்கு நடுவே தேர்தல் வந்தது. செவ்வாறு நாட்டில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள் சந்தைவெளியில் கூடிக் கைதூக்கி அரசரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்தல் அதிகாரிகள் மேடையில் நின்று, கண்ணுக்குத் தெரிந்த கைகளை நேர்மையாக எண்ணினார்கள். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உலை முதலாளிகளின் கைகள் மட்டும் தெரிந்தன. எதிர்ப்பே இல்லாமல் அரசர் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டார். புகைக்குள் தூக்கிய மற்றக் கைகள், கீழே இறக்கலாம் என்று யாரும் சொல்லாததால், சாயங்காலம் வரை தூக்கியபடியே இருந்தன.

முகத்தால் ஆளை அறிய முடியாமல் போனபோது மக்கள் இருமலால் அறிந்துகொண்டார்கள். எதிரே யாரோ வரும்போது ஒருமுறை இருமுவார்கள். பதிலுக்கு இருமல் வரும். வடிவின் எதிர்வீட்டுக்குக் குடிவந்த சிட்டு அக்காவுக்கு இரண்டு குட்டை இருமல், ஒரு நெட்டை. நான்கு வருடப் பழக்கத்தில் அவள் முகத்தை வடிவு நல்ல வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை.

“யாரு, வடிவா? என்னடி, இருமல் இன்னிக்குச் சோந்து கெடக்கு? சாப்பிடலையா?”

“சாப்பிட்டேங்க்கா. நீங்க?”

“ஆச்சு. பாதி சோறு, பாதி உலைச் சாம்பல். ஆமா, இன்னிக்கு எண் என்ன?”

“ரெண்டுக்கா.”

“அடேங்கப்பா! அதான் உன் மூக்கு எங்க இருக்குன்னே தெரியலை.”

சிட்டு அக்காவின் மகள் செல்லிக்கு ஆறு வயது. பூனை தும்முவது போல இருமுவாள். பவளத்துக்கு ஒன்பது வயது. அவளுக்கு வரிசையாக ஐந்து இருமல் வரும். முடிவில் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சீழ்க்கை. தெரு முழுவதும் அந்தச் சீழ்க்கையைத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் காலடிகளுக்கு நடுவே வடிவு தன் மகளைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான்.

ஒரு திங்கட்கிழமை இருமல் ஆணை வெளியானது. எண் இரண்டாக உள்ள நாட்டில் இருமுவதற்குக் காரணம் இல்லை என்றும், காரணமின்றி இருமுவது அரசின் எண்ணைப் பொய்யென்று சொல்வதற்குச் சமம் என்றும் அதில் கண்டிருந்தது. தும்மல் குறித்துப் பின்னர் அறிவிக்கப்படும். இருமியவர்கள் உலைகளில் கரி அள்ள அனுப்பப்படுவார்கள். உலையின் இரைச்சலில் இருமல் கேட்காது என்பதால் அங்கே தடை இல்லை.

ஆணையை மக்கள் மதிக்கிறார்களா என்று பார்க்க அதிகாரிகள் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். தணல் நிரம்பிய சட்டியில் காய்ந்த மிளகாயை வறுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார்கள். அதற்கு மிளகாய்ச் சோதனை என்று பெயர். ஒரு நாள் பூக்காரியின் குரலில் வருவார்கள், இன்னொரு நாள் சாணை பிடிப்பவனின் மணியோசையோடு. நெடி சன்னல்களுக்குள் புகும். எந்த வீட்டில் சத்தம் கேட்கிறதோ அந்தக் கதவு தட்டப்படும். சிட்டு அக்காவின் புருஷன் இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டார். “அந்த மனுஷன் எதையும் அடக்கத் தெரியாதவரு,” என்றாள் சிட்டு. அதற்குப் பிறகு அவள் நெடுநாள் சிரிக்கவில்லை.

வடிவு தன் மகளுக்கு இருமலை அடக்கக் கற்றுக்கொடுத்தாள். நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்ட வேண்டும். பாவாடை நுனியைக் கடித்துக்கொள்ள வேண்டும். மனதுக்குள் இருபது எண்ண வேண்டும். வெந்நீரை ஒரு மிடறு. மறுபடி இருபது. பவளம் புத்திசாலி, ஒரு மாதத்தில் தேறிவிட்டாள்.

“அம்மா, இன்னிக்கு மிளகாக்காரங்க ரெண்டு தடவ வந்தாங்க. நான் ஒண்ணுகூட வெளிய விடலை.”

“என் கண்ணு.”

“செல்லிக்கும் சொல்லிக் குடுத்துட்டேன். அவ பன்னெண்டு வரைக்கும்தான் எண்ணுவா. அதுக்கு மேல அவளுக்குத் தெரியாது.”

ஊர் அடங்கிப்போனது. சாம்பல் நிறக் காற்றுக்குள் மனிதர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் உரசிக்கொண்டு நடந்தார்கள். ஒருவர் பக்கத்து வீட்டைத் தன் வீடென்று நினைத்து இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார். அந்த வீட்டாரும் ஏதும் கேட்கவில்லை. அரசு இதை ஒற்றுமை என்று பாராட்டியது.

பவளத்தின் நகங்கள் நாவற்பழத் தோல் போல நீலம் பாய்ந்திருப்பதை வடிவு ஒரு காலையில் பார்த்தாள். அந்தப் பெண் சில வாரங்களாகவே படுத்துத் தூங்குவதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள். வடிவு அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவர் நல்லம்மையிடம் ஓடினாள்.

நல்லம்மை குழந்தையின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். எழுந்து சன்னலை மூடிவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

“கண்ணுக்குத் தெரியற தூசியைப் பத்திக் கவலை இல்லம்மா. அது மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுடும். தெரியாத தூசி ஒண்ணு இருக்கு. முடியை முப்பதாப் பிளந்தா ஒரு பங்கு, அவ்வளவு சின்னது. அது நுரையீரலோட அடிவரைக்கும் போகும். அங்கிருந்து ரத்தத்துல இறங்கிடும். இருமல்தான் உடம்பு அதைக் கொஞ்சமாவது வெளிய தள்ளப் பாக்கற வழி. அதையும் இவ அடக்கிட்டா.”

“நான்தான் அடக்கச் சொன்னேன்.”

“எல்லா அம்மாவும்தான் சொன்னாங்க,” என்றார் நல்லம்மை. “இவளைக் குளிர்மலைக்கு அனுப்பும்மா. மழை தொடங்கறதுக்குள்ள. அதுக்கு மேல நாள் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்.”

மலைப்பாதையின் கதவு அரசு வண்டிகளுக்கு மட்டும்தான் திறக்கும். வடிவு அமைச்சரிடம் மனு எடுத்துப் போனாள். அலுவலகத்துச் சன்னல்களில் ஈரக் கம்பளி தொங்கியது. பெருவழுதியார் மனுவை இருமுறை படித்தார்.

“உருக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வண்டி புறப்பட எண் ஏழாக இருக்க வேண்டும். நேற்றைய எண் என்ன?”

“ரெண்டுங்க.”

“யார் சொன்னது?”

வடிவு சன்னலில் தொங்கிய கம்பளியைப் பார்த்தாள்.

“சொல்லுங்கள் அம்மா. தயங்காதீர்கள்.”

“நான்தாங்க சொன்னேன்.”

“அப்படியானால் உங்கள் மனுவை நிராகரிப்பது நானில்லை,” என்றார் அமைச்சர், மிகுந்த வருத்தத்தோடு. “எண் இரண்டில் நகம் நீலமாகாது. குழந்தை நாவற்பழம் தின்றிருக்கும். வாயைத் திறந்து பார்த்தீர்களா?”

வீட்டுக்கு வந்த வடிவு, பவளத்தின் பழைய பருத்திப் பாவாடையில் வெள்ளையாக இருந்த ஓரத்தை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்தாள். மறுநாள் விடியும்போது, கைவிடப்பட்ட சந்தைவெளிக் கோபுரத்தில் ஏறி அதைக் கட்டினாள். பகல் முழுவதும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உச்சியிலிருந்து ஊர் தெரியவில்லை. கோபுரத்தின் ஐந்தாறு படிகளுக்குக் கீழே எதுவும் இல்லை.

மாலையில் துணியை, தான் கொண்டுவந்திருந்த நிறப்பலகையில் வைத்தாள். ஏழு, எட்டு என்று நகர்த்திக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது கட்டத்தின் மேல் வைத்தபோதும் துணி அதைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. பலகை அதோடு முடிந்துபோனதால் அவள் எழுந்து நின்று, “பன்னிரண்டு!” என்று கூவினாள். மூன்று முறை கூவினாள். கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

ஆனால் கூவப்பட்ட எண் கூவப்பட்டதுதான். அடுத்த மாலை வரை அதை யாராலும் திரும்பப் பெற முடியாது. உலைகள் மூடப்பட்டன. அதாவது, உள்ளே எரிந்துகொண்டிருக்க, கதவுகள் மூடப்பட்டன. வடிவைக் கைது செய்ய உத்தரவு பிறந்தது. காவலர்கள் அவள் வீட்டைத் தேடி அவள் தெருவையே சுற்றிச்சுற்றி வந்தார்கள். இருமி வழி கேட்க அவர்களுக்கும் தடை இருந்தது.

விடிந்ததும் வண்டிகள் வந்தன. மணி கட்டிய இருபது மாட்டு வண்டிகள். முதல் வண்டியை ஓட்டிவந்தவர் முத்திருளன் என்பவர். வடிவு மகளைத் தூக்கிக்கொண்டு மணிச்சத்தத்தை நோக்கி ஓடினாள்.

“நீதானாம்மா கூவுனது?” என்றார் முத்திருளன். “பதினோரு வருஷமா மாட்டுக்குத் தீனியும் சக்கரத்துக்கு மையும் போட்டுக்கிட்டு இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கெடந்தேன். ஏத்து பிள்ளைய. மத்த பிள்ளைங்க எங்க?”

“எல்லா வீட்டுலயும் இருக்காங்க.”

“எந்த வீட்டுல போய்த் தேடறது? கண்ணு தெரியலையே. இருமச் சொல்லு, சத்தத்தை வச்சு வரேன்.” பிறகு அவரே எழுந்து நின்று கத்தினார். “மூச்சுநோய் உள்ள பிள்ளைங்க இருமுங்க! வண்டி வந்திருக்கு! மலைக்குப் போற வண்டி!”

தெருவில் நூறு வீடுகள் இருந்தன. மணியோசை கேட்டது. இனிப்பான ஆண்குரல் ஒன்று இருமச் சொன்னது. அந்த வீடுகளில் இருந்த எல்லோருக்கும் இது என்னவென்று நன்றாகத் தெரிந்தது. தாய்மார்கள் பிள்ளைகளின் வாயை முந்தானையால் பொத்தினார்கள். பிள்ளைகள் மனதுக்குள் எண்ணத் தொடங்கினார்கள்.

வடிவு எதிர்வீட்டுக் கதவை இரு கையாலும் தட்டினாள். “அக்கா, நான் வடிவு. செல்லியைக் குடுங்க. இது மிளகாச் சோதனை இல்லக்கா, நிஜ வண்டி. நான்தான் வரவழைச்சேன்.”

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகிலிருந்து சிட்டுவின் குரல் வந்தது. “நீ வடிவுன்னு எப்படி நம்பறது?”

“குரல் தெரியலையாக்கா?”

“தெரியுது. நாலு வருஷமா ரெண்டு ரெண்டுன்னு கூவுன குரல். என் வீட்டுக்காரரு மாட்டிக்கிட்ட அன்னிக்கும் ரெண்டுன்னு கூவுன குரல். இன்னிக்கு மட்டும் நம்பணுமா?”

“செல்லிக்கு நகம் நீலமா இருக்கா, பாருங்கக்கா!”

கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன நெஞ்சு விம்மி விம்மி அடங்குவது மட்டும் வடிவுக்குக் கேட்டது. அவள் வேறு கதவுகளைத் தட்டினாள். எல்லாக் கதவுகளுக்குப் பின்னாலும் அதுவே கேட்டது. நகரம் முழுவதும் ஒரே சமயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. முத்திருளன் தொண்டை கட்டும் வரை கூப்பிட்டுப் பார்த்தார். வெயில் செம்பு நிறமானபோது வண்டிகள் திரும்பின. ஒரு வண்டியில் பவளமும் அவள் அம்மாவும். பின்னால் பத்தொன்பது வெற்று வண்டிகள் மணியடித்துக்கொண்டு வந்தன.

பாதி மலையில் புகை கோடு கிழித்தது போல நின்றுவிட்டது. மேலே வானம் நீலமாக இருந்தது. பவளம் அதைக் கண்டு பயந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப்பார்த்தாள். கீழே, சுருக்கமே இல்லாத ஒரு சாம்பல் ஏரி மலையடிவாரத்திலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடந்தது.

“நம்ம ஊரு எங்கம்மா?”

“கீழ.”

“கீழ ஒண்ணுமே இல்லையே.”

மருத்துவமனை வாசலை நெருங்கியபோது ஒரு சத்தம் கேட்டது. நிறையப் பேர் இருமினார்கள். பல குரலில், பல தாளத்தில், அவசரமில்லாமல், வாய்விட்டு இருமினார்கள். பவளம் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். “அம்மா, இவங்களைப் பிடிச்சிட்டுப் போயிருவாங்க. இருபது எண்ணச் சொல்லும்மா.”

நாற்பது படுக்கைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். அமைச்சர்கள், உலை முதலாளிகள், அவர்களுடைய தாய்மார்கள், தேர்தல் அதிகாரிகள். நடுக்கூடத்தில், பூக்கள் தைத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு அரசர் சாய்ந்திருந்தார். நான்கு வருடங்களாக அங்கேதான் இருக்கிறார். அரண்மனையில் தினமும் விளக்கேற்ற மட்டும் ஒருவரை விட்டுவைத்திருந்தார்கள்.

“மக்கள் எப்படி இருக்கிறார்கள்?” என்று அரசர் ஆவலோடு கேட்டார்.

“சத்தமில்லாம இருக்காங்க,” என்றாள் வடிவு.

“நல்லது,” என்றார் அரசர். அவர் கண்கள் கலங்கியிருந்தன. பிறகு நெடுநேரம் இருமினார்.

எண்ணைக் கேட்ட இரவே மலையேறியிருந்த பெருவழுதியார் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். அவர் கோபமாக இல்லை.

“இருபது வண்டிகள் போயின. ஒரு குழந்தை வந்திருக்கிறது. நாட்டில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் நோய் என்று இன்று அறிவிக்கப்போகிறோம். கல்லில் உள்ள சட்டம் இவ்வளவு துல்லியமாக நிறைவேறியது வரலாற்றில் இதுவே முதல்முறை. உங்களுக்கு நன்றி.”

“பிள்ளைக்கு ஒரு படுக்கை குடுங்க ஐயா.”

“படுக்கை அரசாங்கத்தாரின் குடும்பங்களுக்கு. நீங்கள் அரசாங்கத்தில் இருந்தீர்கள். நேற்று மாலை வரை.” அவர் வெளியே இருந்த புல்தரையைக் காட்டினார். “துணியை இனிமேல் இங்கே கட்டலாம் என்று எனக்கு ஓர் எண்ணம். நல்ல காற்று. ஊற்றும் வேண்டாம், மயிலும் வேண்டாம். ஒரு பெரிய செப்புக்குழாய் வைத்துக் கூவினால் அடிவாரம் வரை கேட்கும்.”

“என் குரலை இப்ப யாரும் நம்ப மாட்டாங்க.”

“நம்ப வேண்டியதில்லை அம்மா. கேட்டுப் பழகியிருக்கிறார்கள்.”

வடிவு கண்ணாடிக் கதவுக்குள் பார்த்தாள். பவளத்தை யாரோ ஒரு பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். அவள் மல்லாந்து, கைகால்களை விரித்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு படுத்துத் தூங்குகிறாள்.

“பட்டுத் துணியா, பருத்தியா?” என்று வடிவு கேட்டாள்.

“உங்கள் விருப்பம்,” என்றார் அமைச்சர்.

மழை வந்து போனது. பவளத்தின் நகங்கள் மறுபடி சிவந்தன. அவள் புல்தரையில் ஓடவும், மரத்தில் ஏறவும், அதிகாரிகளின் பேரப்பிள்ளைகளோடு சண்டை போடவும் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு மாலையும் வடிவு துணியை அவிழ்த்து, முதல் கட்டத்தில் வைத்து, செப்புக்குழாயில் வாய் வைத்து “ஒன்று” என்று கூவினாள். மலைக்காற்றில் அவள் குரல் முன்னைவிட நன்றாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

மார்கழியில் ஒரு மாலை, குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கீழே புகை முடியும் கோட்டில் ஏதோ அசைவதைக் கண்டாள். சாம்பல் நிற உருவங்கள். மலைப்பாதைக் கதவுக்கு வெளியே, முழங்கால் வரை புகையில் நின்றார்கள். பெண்கள். நாற்பது ஐம்பது பேர் இருக்கலாம். ஒவ்வொருத்தியின் தோளிலும் ஒரு சிறிய உருவம் சாய்ந்திருந்தது. தலையிலிருந்து கால் வரை ஒரே தூசி படிந்து, எல்லோருக்கும் ஒரே முகம் இருந்தது. கதவைத் தட்டவில்லை. வழி கேட்கவில்லை. அண்ணாந்து அவளைப் பார்த்துக்கொண்டு, அன்றைய எண்ணுக்காக நின்றார்கள்.

அவர்களில் சிட்டு அக்கா இருக்கிறாளா என்று வடிவு தேடினாள். முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருமுறை இருமினால் போதும், இரண்டு குட்டை, ஒரு நெட்டை, தெரிந்துவிடும். அவர்கள் யாரும் இருமவில்லை.

“நேரமாச்சும்மா,” என்றான் அருகில் நின்ற காவலன். “எண்ணைச் சொல்லுங்க.”

வடிவு துணியைப் பலகையில் வைத்தாள். காலையில் கட்டியபோது இருந்த அதே வெள்ளை. ஏழாவது கட்டத்தை அவள் விரல் ஒருமுறை தொட்டது. பின்னால் புல்தரையில் பவளம் உரக்கச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பின் முடிவில் இப்போது சீழ்க்கை எதுவும் இல்லை.

அவள் குழாயில் வாய் வைத்தாள். அன்றும் அவள் பார்த்ததைத்தான் சொன்னாள்.

“ஒன்று.”

உருவங்கள் சிறிது நேரம் நின்றன. பிறகு, யாரும் சொல்லாமலே வரிசை அமைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திரும்பிப் புகைக்குள் இறங்கின. முழங்கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது, தோளில் சாய்ந்திருந்த தலைகள் மறைந்தன. கடைசியாக இறங்கியவள் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கையை முகத்தருகே உயர்த்தினாள். அவள் கையசைத்தாளா, தோளில் இருந்த குழந்தையின் வாயைப் பொத்தினாளா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.